நெட்டையார் இறங்கிய அளவு

டயர் கடைக்காரன் தன் காரை நான்கு விரற்கடை இறக்கிய அன்று அவனுடைய அப்பாவும் நான்கு விரற்கடை இறங்கினார். மறுநாள் காலை முகம் மழிக்கப் போனவருக்குக் கண்ணாடியில் மூக்குக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. யாராவது ஆணியை ஏற்றி அடித்துவிட்டார்களா என்று சுவரைத் தடவிப் பார்த்தார். ஆணி இருந்த இடத்தில்தான் இருந்தது. மிச்சத்தைக் கை போன போக்கில் மழித்துக்கொண்டு வந்தார். அம்மா அவருடைய கால்சட்டைகளை எல்லாம் மடித்துத் தைத்து வைத்தார். வயதானால் அப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வீட்டில் அதற்கு மேல் பேச்சு எழவில்லை.

தெருவில் அவருக்கு நெட்டையார் என்று பெயர். பல்பு போனாலும், மாடிக் கம்பியில் துணி சிக்கினாலும், எவர் வீட்டுப் பூனையாவது சன்னல் மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் அதுதான், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மகன் அம்மாவைக் கொண்டு பிறந்தவன். நீயா நெட்டையார் பிள்ளை என்று கேட்டு அவனை மேலும் கீழும் பார்க்காதவர் ஊரில் இல்லை. கார் வாங்கியதும், ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கம்பெனி ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங்குகளை வெளியில் வாங்கி மாட்டினான். பழையதை அன்றே பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டான். கடைக்கு வரும் வண்டி என்றால், சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு மேலுள்ள வளைவு வரை நான்கு பக்கமும் அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதாமல் ஸ்பேனரைத் தொட மாட்டான். சொந்த வண்டிதானே என்ற மெத்தனத்தில் இதை மட்டும் அளக்கவில்லை.

முதல் தடவை இறங்கியது தெரியாமல் நடந்தது. இரண்டாவது தடவை அப்படி இல்லை. ஒரு வாரம் கழித்து வாசலில் அப்பா எதிரே வந்தபோது அவனுடைய பார்வை நேராக அவர் நெற்றியில் போய் நின்றது, விஷயம் அவனுக்குப் புரிந்துவிட்டது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்பிரிங் உட்காரும் வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் இன்னும் இரண்டு விரற்கடை இறக்கினான். அன்று சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது அப்பாவும் அவனும் தோளுக்குத் தோள் சரியாக நின்றார்கள். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிற்பாடு எதை மறந்தாலும் அந்தச் சந்தோஷத்தை மட்டும் அவனால் மறக்க முடியவில்லை.

அதே மாதம் எதிர்வீட்டுத் தையல்காரம்மா மாடிப்படி விளக்கு எரியவில்லை என்று நெட்டையாரைக் கூப்பிட்டார். அவர் வழக்கம்போல வெறுங்கையோடு போனார். கையை நீட்டினார், எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினார், அப்போதும் எட்டவில்லை. படியில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர் தெருவைக் கடந்து வீட்டுக்கு வந்து ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனார். மகன் அப்போதுதான் காரை நிறுத்தியிருந்தான். தரையோடு ஒட்டிய வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டூலோடு போகும் அப்பாவைப் பார்த்தபோது அவனுக்கு இறங்கவே கால் வரவில்லை. இதைச் செய்தவன் நான்தான், தெரிந்தே செய்தேன் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

பதற்றத்தில் அன்று மாலையே ஜாக்கியை மட்டும் முட்டுக்கொடுத்து இடப்பக்க வளையத்தை ஏற்றினான். அப்பா ஒரு பக்கம் சாய்ந்தபடி சாப்பிட வந்து, சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். அவசரமாக ஓடிப்போய் அதை இறக்கிவிட்டு வந்தான். அடுத்த விடுமுறை நாளில்தான் ஊரார் வண்டிக்குச் செய்வதைப் போலச் செய்தான். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டுகள் மேல் உட்கார வைத்தான். மரையில் படிந்த மண்ணைப் பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் விட்டான். பூட்டு வளையத்தைத் தளர்த்தி, இந்தப் பக்கம் ஒரு சுற்று என்றால் அந்தப் பக்கமும் ஒரு சுற்று என்று மேலே கொண்டுவந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே கண்ணாடி முன்னால் அப்பா இருமுவது கேட்டது. கடைசியில் வளையம் சிவப்புக் கோட்டுக்கு வந்து நின்றது. அதைத் தாண்டினால் மரை பிடிக்காது, போகிற போக்கில் கழன்று வந்துவிடும். பழைய உயரத்துக்கு இன்னும் இரண்டு விரற்கடை வேண்டும். அது இரும்புக் கடையோடு போய்விட்டது. தாண்டித்தான் பார்ப்போமே என்று ஸ்பேனரை மாட்டினான்.

"போதும்டா," என்றார் பின்னால் வந்து நின்ற அப்பா. "இதுக்கு மேல ஏத்துனா தாங்காது."

அவன் திரும்பாமலேயே கேட்டான். "உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"நீ ரெண்டாவது தடவை திருகுனப்பவே தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் வந்தேன். கை கழுவுறப்ப உன் மூஞ்சியைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமா நீ இருந்து நான் பார்த்ததே இல்லை. அப்படியே விட்டுட்டேன்."

அவன் மாட்டிய ஸ்பேனரைக் கழற்றினான். பிறகு பூட்டு வளையங்களை இறுக்கினான், வண்டியைத் தரையில் இறக்கினான், ஸ்பிரிங் படியட்டும் என்று தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து நான்கு பக்கமும் அளந்தான். உள்ளே போய்க் கண்ணாடியின் ஆணியைப் பிடுங்கி இரண்டு விரற்கடை கீழே அடித்தான். அப்பா வந்து நின்று பார்த்துவிட்டு, தாடை முழுசாகத் தெரிகிறது என்றார்.

அதன் பிறகும் தெருவில் பல்பு போனால் நெட்டையாரைத்தான் கூப்பிடுகிறார்கள், பெயரையும் யாரும் மாற்றவில்லை. மகன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கூடவே போகிறான். அவர் மேலே ஏறி நிற்க, அவன் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு, வேலை முடிகிற வரை அப்பாவை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறான்.