மண் படாத செருப்பு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு ஜோடி செருப்பால் மாட்டிக்கொண்ட காரின் கதை சொல்கிறேன்.

தையல்காரி ஒருத்தி. தனிக்கட்டை. கூடப்பிறந்த அண்ணன்காரன் பக்கத்து மாநிலத்தில் வசதியாக இருந்தான். ஒன்பது வருடமாக எட்டிப் பார்க்காதவன், திடீரென்று ஒருநாள் போன் பண்ணினான்.

"ஊசி, எப்படி இருக்கே? புது கார் வாங்கறேன். இங்க வரி கழுத்தை நெரிக்குது, உங்க பக்கம் பாதிதான். உன் வீட்டுலதான் குடியிருக்கேன்னு காட்டிப் பதிவு பண்ணிக்கட்டுமா?"

'ஊசி' என்பது சின்ன வயதில் அவன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். காதில் விழுந்ததுமே உருகிப்போனாள். "இதையெல்லாம் கேக்கணுமாண்ணா? உன் வீடுதானே!"

அவன் கேட்டது விலாசத்தை மட்டும்தான். அவளோ துணி மூட்டைகளை நகர்த்திப் பின்னறையை ஒழித்தாள். கட்டில் வாங்கிப் போட்டாள். தலையணைக்கு உறை தைத்தாள். அவன் கால் அளவை யோசித்து யோசித்து ஒரு ஜோடி செருப்பு வாங்கி வாசலில் வைத்தாள். பதிவு விஷயமாகவாவது ஒருதரம் வராமலா போய்விடுவான் என்று ஒரு நப்பாசை.

ஒரு வருடம் கழித்து வந்தவரோ, அண்ணன் ஊர்ப் போக்குவரத்து ஆய்வாளர்.

"இந்த கார் வாங்கின நாள்லேருந்து எங்க மாநிலத்துலயேதான் ஓடுது. உங்க அண்ணன் நிஜமாவே இங்கதான் இருக்காராம்மா?"

"இங்கதான் சார். இப்பத்தான் வெளிய போனாரு. அறையைப் பாருங்க. செருப்பைப் பாருங்க."

அவர் குனிந்து செருப்பைத் திருப்பினார். அடியில் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது.

"ஏம்மா, உங்க அண்ணன் பறந்துதான் போவாரோ?"

அவளும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஆனாலும் அண்ணன் இங்கேதான் இருக்கிறான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் போன். "உன்னை யாரு பொய் சொல்லச் சொன்னா? விட்ட வரியைக் கட்டுறதோட போயிருக்கும். இப்ப பொய் சாட்சின்னு வரிக்கு மேல ரெட்டிப்பா அபராதம் போட்டுட்டான். காரையும் பிடிச்சு வச்சிருக்கான்!"

"நீதானேண்ணா இங்க இருக்கறதா காட்டச் சொன்னே..."

"காகிதத்துல, ஊசி! காகிதத்துல!"

அடுத்த வாரம் தபால் வந்தது. காரின் விலாசம் அவள் வீடாயிற்றே, காரை மீட்க அண்ணன் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் அங்கேயே வந்து சேர்ந்தது. 'அந்த வீட்டில் நான் ஒருநாளும் குடியிருந்ததில்லை. பத்து வருடமாக அங்கே கால் வைத்ததில்லை. எனக்கும் அந்த வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.'

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு வாசலுக்குப் போய், அந்தச் செருப்பைத் தன் காலில் மாட்டிக்கொண்டாள். தொளதொளவென்றிருந்தது. அதோடு தெருமுனைவரை இழுத்து இழுத்து நடந்துவிட்டு வந்து, பழைய இடத்திலேயே கழற்றி வைத்தாள். கொஞ்சம் மண்ணாவது படட்டும் என்று.

உங்கள் வீட்டு வாசலில், கண்ணுகளா, உங்களுடையவர்களின் செருப்பெல்லாம் சேறும் மண்ணுமாய்த் தாறுமாறாகக் கிடக்கட்டும். ஒழுங்காக விடச் சொல்லித் திட்டுகிற குரல் ஒருநாளும் ஓயாதிருக்கட்டும்.