பச்சைப் பெட்டித் தோட்டாக்கள்

சுட்டபின் அரைமணி நேரம் இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிபட்ட எல்க் மானை உடனே துரத்தினால் அது மலை தாண்டி ஓடிவிடும். தொந்தரவு செய்யாமல் விட்டால் நூறு கெஜத்துக்குள் படுத்து அங்கேயே உயிரை விட்டுவிடும். அதனால் என் மனைவி டோரீன் பைன் மரத்தடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியைப் பிரித்தாள். பாதியை என்னிடம் நீட்டினாள். ஒரு கடி கடித்தேன். மீதியைச் சட்டைப் பையில் வைத்தேன்.

"தோள்ல பட்டுச்சு. நல்லாவே பாத்தேன். எங்கயும் போயிருக்காது" என்றாள்.

தோளில் பட்டதை நானும் பார்த்தேன். என்னைப் பயமுறுத்தியதே அதுதான்.

டோலன் ஓடைக்கு மேலே உள்ள இந்தக் காட்டில் ஆண் எல்க் சுட வருடத்துக்கு எட்டே பேருக்குத்தான் அனுமதி. குலுக்கலில் விழ வேண்டும். டோரீன் பதினேழு வருடம் விடாமல் எழுதிப் போட்டாள். தபால் அலுவலகத்தில் வேலை செய்கிறவள், ஊருக்கெல்லாம் வந்த அனுமதிகளைத் தன் கையாலேயே பெட்டிகளில் போட்டவள். இந்த ஜூனில் தன் பெயர் வந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் போய் அழுதாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொல்லும்போதும் அழுதாள். மறுபடி ஒரு முறை வர இன்னும் பதினேழு வருடம் ஆனால் எங்கள் இருவருக்கும் எழுபத்தைந்தைத் தாண்டிவிடும்.

நான் கவுண்டி மண்சாலைகளைச் சமன்படுத்தும் கிரேடர் ஓட்டுகிறவன். ஓய்வு நேரமெல்லாம் கார் ஷெட்டில் தோட்டா அடைப்பேன். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, அடியில் புது வெடிக் கேப் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, தலையில் குண்டை உட்காரவைத்து அழுத்தினால் தோட்டா தயார். இந்த ஊரில் பாதிப்பேர் செய்வதுதான். ஆனால் நூறு கெஜத்தில் மூன்று குண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற கர்வம் எனக்கு உண்டு. சந்தேகப்படுகிறவர்களுக்குக் காட்டப் பழைய இலக்குத் தாள்களைக்கூட ஷெட் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

குண்டில் மலிவு ரகம் ஒன்று, விலை கூடிய ரகம் ஒன்று. மலிவு என்றால் ஈயத்தின்மேல் மெல்லிய செம்புத் தோல், அவ்வளவுதான். அதில் ஒரு பெட்டி வாங்கும் காசுக்கு மற்றதில் கால் பெட்டிகூட வராது. விலை கூடியதற்கு உள்ளே, நடுவில், செம்பிலேயே ஒரு தடுப்புச் சுவர் உண்டு. எலும்பில் மோதினால் முன்பாதி விரிந்து சிதையும். பின்பாதி கட்டுக்குலையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மலிவானதும் விலா வழியாகப் போனால் ஒரு குறையும் சொல்ல முடியாது. கிட்டத்தில் சுட்டுத் தோளெலும்பில் மோதினால்தான் வினை. அங்கேயே உடைந்து, நுரையீரலைத் தொடாமல் நின்றுவிடும். நான் வாங்கிய இரண்டும் ஒரே எடை, ஒரே நிறம், முனையில் தெரியும் ஈயமும் ஒன்றுபோலத்தான். கூட்டில் உட்கார்ந்துவிட்டால் அடைத்தவனைத் தவிர வேறு யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகஸ்டில் இரண்டையும் அவள் துப்பாக்கியில் வைத்துச் சுட்டுப் பார்த்தோம். மலிவு போட்ட மூன்று ஓட்டைகளை ஒரு கால் டாலர் நாணயத்தால் மூடிவிடலாம். விலை கூடியது உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. இதற்குமேல் என்ன பேச்சு என்று நான் மலிவைக் காட்டினேன். அவள் தாளைப் பார்க்கவே இல்லை.

"பேப்பரையா சாப்பிடப் போறோம், மெர்ல்? அது முன்னால வந்து எந்தப் பக்கம் திரும்பி நிக்கும்னு யாருக்குத் தெரியும்? எனக்கு எலும்பத் தாண்டிப் போற குண்டுதான் வேணும்."

அதற்கென்று ஒரு பச்சைப் பிளாஸ்டிக் பெட்டி வாங்கி மூடியில் தன் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். நான் மூன்று விதமான மருந்து மாற்றிப் பார்த்தேன், அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். அந்தச் சனியன் ஒன்றுசேர மறுத்தது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போயிருந்தபோது பச்சைப் பெட்டியில் இருபதும் மலிவுக் குண்டாக அடைத்து வைத்தேன். தப்பிப் போகும் நல்ல குண்டைவிடச் சரியாகப் படும் மலிவுக் குண்டு மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பிற்பாடு சேர்த்துக்கொண்ட நியாயம். என் கையால் அடைத்த தோட்டா உள்ளங்கை அகலத்துக்குப் பரவுவதை என்னால் பொறுக்க முடியவில்லை, விஷயம் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவள் அந்தப் பெட்டியிலிருந்து சுட்டாள். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்து என் கன்னத்தில் முத்தமிட்டாள். ஒருவழியாக அதை வழிக்குக் கொண்டுவந்துவிட்டாயே, மருந்தை மாற்றினாயா என்று கேட்டாள். மாற்றினேன் என்றேன்.

இன்று காலை அந்த எல்க் ஆஸ்பென் மரங்களிலிருந்து வெளியே வந்தபோது தொண்ணூறு கெஜம்கூட இருக்காது. பக்கவாட்டில் நிற்கவில்லை. எங்களை நோக்கிச் சாய்ந்தவாக்கில், தோளை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. டோரீன் அவசரக்காரி இல்லை. குண்டின்மேல் நம்பிக்கை இல்லையென்றால் அது திரும்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள், திரும்பாவிட்டால் விட்டும்விடுவாள். அவள் தோளெலும்பைக் குறிவைப்பது எனக்குத் தெரிந்தது. பொறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். அவள் சுட்டாள்.

அரைமணி கழிந்ததும் எழுந்தோம். அது நின்ற இடத்தில் பழைய பனியின்மேல் முடியும் ஒரு எலும்புச் சில்லும் கிடந்தன. ரத்தம் சிவப்பாக இருந்தது, ஆனால் நுரையில்லை. நுரையீரலில் பட்டிருந்தால் நுரை இருக்கும். டோரீன் குனிந்து விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். "நுரை இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனோ என்னவோ.

ரத்தத்தைத் தொடர்ந்து போனோம். அவள் முன்னால் துப்பாக்கியோடு, நான் பின்னால் டாய்லெட் பேப்பர் சுருளோடு. துளி காணும் இடத்திலெல்லாம் ஒரு துண்டைக் கிழித்துக் கிளையில் செருகிக்கொண்டே வந்தேன். தடம் விட்டுப்போனால் திரும்பிப் பார்த்து அது போன திசையைப் பிடிக்கத்தான். முதலில் பத்தடிக்கு ஒரு துண்டு, பிறகு முப்பதடிக்கு ஒன்று. ஓடையைக் கடந்தபின் கால்மணி நேரம் தேடி ஒரே ஒரு துளி. தடம் வடக்கே திரும்பியது. அங்கே அரை மைலில் தனியார் பண்ணையின் வேலி. வேலியைத் தாண்டிவிட்டால் பண்ணைக்காரர் அனுமதி இல்லாமல் நாங்கள் உள்ளே கால் வைக்க முடியாது. அவரோ யாருக்கும் அனுமதி தருகிறவர் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது வேலியைத் தாண்டிப் போய்விடட்டும் என்று நான் ஆசைப்பட்டேன். மான் கிடைத்தால் தோளை அறுப்போம், அறுத்தால் உள்ளே இருப்பது தெரியும். கிடைக்காவிட்டால் ஒன்றும் தெரியாது. உடைந்த தோளோடு ஒரு உயிர் எங்கோ துடித்துக்கொண்டிருக்க, நான் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு பேப்பர் கிழித்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இரண்டு மணிக்குமேல் தடமே இல்லை. வெயில் பட்ட சரிவில் பனி உருகிப் பைன் ஊசிகள்தான் இருந்தன. கடைசித் துண்டைச் சுற்றி வட்டமாக நடந்தோம், பிறகு இன்னும் பெரிய வட்டம், நாலு மணிவரை. டோரீன் ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்தாள். ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தாள். அவள் முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது.

"என் தப்புதான். விசைய வெடுக்குனு இழுத்துட்டேன் போல. முன்னாடி தள்ளிப் பட்டிருக்கு" என்றாள்.

அவள் இழுக்கவில்லை. குறி வைத்த இடத்தில் அங்குலம் பிசகாமல் சுட்டாள். முப்பது வருடத்தில் அவள் இப்படித் தன்னைத்தானே குறைசொல்லிக் கேட்டதில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து, அனுமதியோடு வந்த வேட்டை அட்டையையும் சின்னக் கத்தியையும் எடுத்தாள். எனக்கு உடனே புரிந்தது. மானைக் கண்டெடுத்தபின்தான் அட்டையில் தேதியை வெட்ட வேண்டும், வெட்டிய அட்டையை வைத்து வேறு மான் சுட முடியாது என்பது சட்டம். ஆனால் ரத்தம் பார்த்துவிட்டால், மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அட்டை முடிந்தது என்று வைத்துக்கொள்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. யாரும் கேட்க மாட்டார்கள், யாருக்கும் தெரியாது. அவர்களே வெட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சீசனில் இன்னும் ஒன்பது நாள் இருந்தது. டோரீன் குடும்பத்தில் எல்லாரும் அந்த ரகம்.

கத்தி முனை அட்டையைத் தொட்டுவிட்டது.

"அதுக்குள்ள வேணாம். கீழ ஊத்துப் பக்கம் பாக்கவே இல்ல. அடிபட்டதுக்குத் தாகம் எடுக்கும்" என்றேன்.

"இருட்டிட்டா கரடிக்குத்தான் ஆகும்."

"இருட்ட ரெண்டு மணி நேரம் இருக்கு. வா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. காலையிலிருந்து அது தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவன் நான். அந்தக் கத்தியைப் பார்க்க முடியவில்லை, அதுதான். அவள் அட்டையை மடித்து உள்ளே வைத்தாள்.

ஊற்றுக்குப் போகும் சரிவு முழுக்க விழுந்த மரங்கள். ஒவ்வொன்றையும் ஏறித் தாண்டி இறங்கினோம். பாதியில் அவள் கையைப் பின்னால் நீட்டி என்னை நிறுத்தினாள். எழுபது அடி தூரத்தில், இரண்டு மரங்களுக்கு இடையே, கொம்பு தெரிந்தது. முதலில் காய்ந்த கிளை என்றுதான் நினைத்தேன். கிளை மெல்லத் திரும்பியது. அது உயிரோடு படுத்திருந்தது. தலையைத் தூக்கி எங்கள் பக்கமே பார்த்தது. எழ முயன்றது, முன்னங்கால் மடங்கி மறுபடி உட்கார்ந்துவிட்டது. வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சும் எனக்குக் கேட்டது.

டோரீன் முழங்காலிட்டுத் துப்பாக்கியை மரத்தின்மேல் சாய்த்தாள். மான் காலையில் போலவே எங்கள் பக்கம் சாய்ந்தவாக்கில் இருந்தது. இந்த முறை முன்னால் இருந்தது உடையாத தோள். அந்தப் பச்சைப் பெட்டிக் குண்டு எலும்பைத் தாண்டிப் போகும் என்று அவள் இன்னமும் நம்பிக்கொண்டிருந்தாள். சுட்டால் அந்தத் தோளும் உடையும், மான் சாகாது. விரல் விசைக்குப் போனது.

"பொறு" என்றேன். "தோள்ல சுடாத. அது நீ கேட்ட குண்டு இல்ல."

அவள் கண்ணைத் துப்பாக்கியின் தொலைநோக்கியிலிருந்து எடுக்கவில்லை.

"என்ன சொல்ற?"

"மலிவுக் குண்டு. நாந்தான் மாத்தி அடைச்சேன். எலும்புல பட்டா உடைஞ்சிரும். விலாவுல போனாத்தான் போகும்."

"காலையில சுட்டது?"

"அதுவும்."

"பெட்டியில இருக்கிறது பூரா?"

"பூரா."

மான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அவள் துப்பாக்கியை மெல்லத் தூக்கினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கேயே இரு என்று கையால் காட்டிவிட்டு, விழுந்த மரங்களுக்குப் பின்னால் குனிந்து, விலாவைப் பார்க்க வாகாக இடதுபக்கம் சுற்றிப் போனாள். அவள் ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. மான் அவள் போகும் பக்கம் காதைத் திருப்பியது, கண்ணை என்மேலேயே வைத்திருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. 

ஒரே வெடி. கொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அவள் கூப்பிடுவாள் என்று நின்றேன். கூப்பிடவில்லை. நானே போனேன். அவள் முறைப்படி பின்பக்கமாக வந்து, குச்சியால் கண்ணைத் தொட்டு உயிர் போய்விட்டதா என்று பார்த்து, அட்டையில் மாதத்தையும் தேதியையும் வெட்டிக் கொம்பில் கட்டி முடித்திருந்தாள். ஆறு கிளை வைத்த கொம்பு. பதினேழு வருடத்தில் எத்தனை முறை இந்த நிமிடத்தைப் பற்றிப் பேசியிருப்போம். கட்டிப்பிடிப்போம், படம் எடுப்போம் என்றெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். "டோரீன்" என்றேன். அவள் கோட்டைக் கழற்றிக் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"காலத் தூக்கிப் புடி."

உடைந்த காலைத் தூக்கிப் பிடித்தேன். தோலைக் கீறி விலக்கினாள். தோள் முழுக்கக் கறுத்து, ரத்தம் கட்டி, கூழாகியிருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் வரும் இறைச்சி, தின்ன ஆகாது. அவள் கத்தியை வைத்துவிட்டு விரல்களை உள்ளே விட்டுத் துழாவினாள். அவள் முகம் எனக்கு அரையடி தூரத்தில் இருந்தது. கண் கலங்கியிருந்தது, ஆனால் என்மேல் படவில்லை.

"கைய நீட்டு" என்றாள்.

ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டினேன். சுருண்ட செம்புத் தோல் ஒன்றை உள்ளங்கையில் வைத்தாள். பிறகு மிளகளவு ஈயம், பிறகு அதைவிடச் சின்னது. எல்லாம் மானின் சூட்டோடு இருந்தன. வைத்துவிட்டு மறுபடி விரலை உள்ளே விட்டாள். நான் விரல்களை மடக்கப் போனேன்.

"மூடாத. இன்னும் இருக்கு."