ஆணி மாஸ்டரின் வாய்

ஆடிப்போன பல் திருகை டாக்டரம்மா இடுக்கியில் தூக்கிக் காட்டியபோது ஆணி மாஸ்டருக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சோபாவுக்கு அடிக்கிற ஆணியைவிடப் பொடிசு. இதற்காகவா இத்தனை ஊசி, இத்தனை வீக்கம், இத்தனை நாள் கரைத்துக் குடித்த சாப்பாடு?

மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு போன இடத்தில் டாக்டரம்மா எலும்புக்குள் இரண்டு இம்ப்ளான்ட் திருகு இறக்கியிருந்தார். அதன்மேல் தற்காலிகப் பற்களும் மாட்டியிருந்தார். எலும்பு வளர்ந்து திருகைக் கவ்விக்கொள்ளச் சில மாதம் ஆகும், அதுவரை இவை பார்வைக்குத்தான், கடிக்க இல்லை என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். இப்போது இரண்டில் ஒன்று இடுக்கியில் இருக்கிறது.

"என்னத்தைக் கடிச்சீங்க?"

மாஸ்டர் விளக்கைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவி முந்திக்கொண்டாள்.

"ஆணி, டாக்டர்."

அவள் சொன்னது பொய்யில்லை. சோபா தைக்கிறவர்களுக்கு வாய்தான் மூன்றாவது கை. ஒரு பிடி பொடி ஆணியை உள்ளே போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவார்கள். காந்தச் சுத்தியல் அதைக் கவ்விக்கொண்டு போய்க் கட்டையில் அடிக்கும். ஒரு கை சுத்தியலுக்குப் போனாலும் இன்னொரு கை துணியை இழுத்துப் பிடிக்க மிச்சமிருக்கும்.

ஆனால் மாஸ்டர் வாயில் ஆணி போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கோபம் வந்தால் அவர் ஆணி டப்பாவைத் தேடுவார். வாடிக்கைக்காரர் நாக்கில் நரம்பில்லாமல் பேசினாலும் சரி, துணிக்கடைக்காரன் சாயம் போகிற துணியைத் தலையில் கட்டினாலும் சரி, ஒரு பிடி ஆணி உள்ளே போகும். பற்கள் கெட்டியாக மூடிக்கொள்ளும். வாய் நிறைய ஆணி வைத்திருக்கிறவனால் யாரையும் திட்ட முடியாது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டிலும் பட்டறையிலும் அவர் சண்டை வளர்க்காத ரகசியம் அவ்வளவுதான்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "வாயில ஒண்ணு என் திருகு இருக்கணும், இல்லே உங்க ஆணி இருக்கணும். ரெண்டுக்கும் இடமில்லே. எது வேணும்னு வீட்டுல போய் முடிவு பண்ணிட்டு வாங்க."

முடிவை மனைவியே பண்ணிவிட்டாள். பட்டறைக்கு வந்ததும் ஆணி டப்பாவைத் தன் தையல் மேசை டிராயரில் கொட்டிப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். காலி டப்பாவைப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

பற்கள் போன கதையைப் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்ல ஒரு ஆள் இருந்தான். அவளுடைய தம்பி, மாஸ்டரின் மச்சினன். அம்மா இல்லாத பிள்ளை என்று அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன், தொழிலிலும் கூட்டு.

பட்டறை மாடியில். படி குறுகல், திருப்பத்தில் வெளிச்சம் கிடையாது. பல் போன அன்றைக்கு மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றை இறக்கினார்கள். கீழ்ப்பக்கம் மாஸ்டர், பின்னோக்கி. மேல்பக்கம் மச்சினன். அக்கா துணி வாங்கப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது மாஸ்டர் வாயில் பஞ்சு. "மாமா கால் இடறிட்டாருக்கா" என்றான் தம்பி. பஞ்சை எடுப்பதற்குள் கதை தெருவைச் சுற்றிவிட்டது. அதற்குப் பிறகு மாஸ்டரும் வாய் திறக்கவில்லை. தம்பி விஷயத்தில் அவளுக்குத் தானாடாவிட்டாலும் சதை ஆடும். அவன் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் ஆணி டப்பாவுக்குப் போனார். புதுப்பல் வந்த பிறகும் போனார். டாக்டரம்மா கேட்டதற்கு உண்மையான பதில் அதுதான்.

டப்பா காலியான அன்று சாயங்காலம் ஒரு டீச்சர் சாய்வு நாற்காலிக்குத் துணி பார்க்க வந்தார். மூச்சு வாங்கப் படியேறியவர், படி ரொம்பச் செங்குத்து என்றார். மச்சினனுக்கு அது போதும்.

"இந்தப் படிதான் டீச்சர், எங்க மாமாவோட பல்லைத் தின்ன படி" என்று ஆரம்பித்தான். மாமாவுக்குக் கண் பிடரியில் என்றான். ஒரு காலைத் தூக்கி, கையை விரித்து, மாமா எப்படித் தடுமாறினார் என்று ஆடியும் காட்டினான். "இப்ப டாக்டர் வச்ச பல்லையும் கழட்டிட்டு வந்திருக்காரு. பல்லுக்கும் மாமாவுக்கும் ஜாதகப் பொருத்தமே இல்லே."

டீச்சர் சிரித்துவிட்டார். மாஸ்டரின் கை டப்பாவுக்குள் போய், வெறும் தகரத்தைத் துழாவியது. மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானை முடிச்சைத் தொட்டுக்காட்டி, முடியாது என்று தலையாட்டினாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம் என்றால் கடிக்கவும் பல் இல்லை.

"நான் இடறலே. நீ கையை விட்டே."

குரல் பெரிதாக இல்லை. பல் போன சந்து வழியாகக் காற்றுப் புகுந்து சொற்கள் சீறின.

"மாமா தமாஷ் பண்றாரு, டீச்சர்."

"உனக்குப் போன் வந்துது. ஒரு கையை விட்டே. சோபாவோட கட்டைக்கால் என் வாயில வந்து இறங்குச்சு. என் பல்லு படியில கிடந்துது. அதை மேலேருந்து பார்த்துக்கிட்டே நீ ஹலோன்னே. இந்தக் கதையை ஊர் பூராச் சொல்றியே, அந்த ஹலோவை மட்டும் ஏன்டா விட்டுடறே?"

அக்காவின் தையல் மெஷின் நின்றது.

மச்சினன் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை.

"போன்ல யாருடா?"

"சும்மா ஃப்ரெண்டுதான்க்கா. படத்துக்கு வர்றியான்னு…"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. டீச்சர் துணி மாதிரிகளை மெல்ல மூடிவைத்தார். நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார்.

அக்கா தம்பியை அடிப்பாள், அழுவாள் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். அவளோ அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"உன் தம்பி. நீ தாங்க மாட்டே."

"நான் தாங்க மாட்டேன்னு நீங்க ஆணியைக் கடிச்சீங்களாக்கும். உங்களுக்குக் கரைச்சுக் கொடுத்துட்டு இவனுக்குத் தட்டுல சுடச்சுடப் போட்டேனே, தினம். அதை நான் எப்படித் தாங்குவேன்னு நினைச்சீங்களா?"

"வேற யாரைக் கடிக்கச் சொல்றே?" என்று மாஸ்டரும் எகிறினார். இருவரும் கல்யாணமான பிறகு முதல் தடவையாக நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். நடுவில் மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ பேசாதே" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அன்றைக்கும் ஒரு சோபா போக வேண்டியிருந்தது. அதுவும் மூன்று பேர் உட்காருவது.

"கீழ்ப்பக்கம் நீ பிடி" என்றாள் அக்கா.

மச்சினன் பிடித்தான். பின்னோக்கி, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினான். மேலே மாஸ்டர். அவருக்குக் கோபம் தீரவில்லை. தீருகிற மாதிரியும் தெரியவில்லை. எலும்பு ஆறி, மறுபடி திருகு இறக்கி, அது பிடிக்கிறவரை இவன் முகத்தைப் பார்க்கத்தானே வேண்டும்? ஆனால் வாய் காலியாக இருந்தது. அது நன்றாகவும் இருந்தது.

வெளிச்சம் இல்லாத திருப்பத்தில் மச்சினன் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் அப்படியே நின்றான். அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கணுமா?" என்றார் மாஸ்டர். "சொல்லு. நான் கையை விடறேன்."