வலது காது, நாலாயிரம்

வேலை தொடங்கும் முன் பிரிஸில்லா தன் காதைத்தான் முதலில் சோதிப்பாள். பெட்டியைத் திறந்து கருவியை மேசைமேல் வைப்பாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டிக்கொள்வாள். சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. கருவியில் மூன்று ஒலிகள் உண்டு: ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம். எண் ஏற ஏற ஒலி மெலிந்து கீச்சென்று ஆகும். ஒவ்வொன்றின் சத்தத்தையும் டெசிபல் கணக்கில் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியாக எந்த அளவில் காதில் விழுகிறது என்று பார்ப்பாள். அவளுக்கு எல்லாமே பத்தில் கேட்கும். ஒன்பது வருடமாக அப்படித்தான். தராசுக்குப் படிக்கல் போல அந்தக் கருவிக்கு அவள் காது. பத்தில் கேட்காமல் போனால் கருவியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

கருவி எந்தப் பள்ளிக்கும் தனியாகச் சொந்தமில்லை. சிவாஜிநகர், மர்பி டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், அல்சூர் பக்கத்துச் சின்னப் பள்ளிகள் ஒன்பது சேர்ந்து ஒரு கூட்டுறவு வைத்திருந்தன. தமிழ்வழி, கன்னடவழி, ஆங்கிலவழி எல்லாம் அதில் உண்டு. எந்தப் பள்ளியிலும் இருநூறு பிள்ளைகளுக்கு மேல் இல்லை. காது பார்க்கும் கருவியோ, அதற்கு ஓர் ஆளோ, எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியரோ ஒரு பள்ளியால் வைத்துக்கொள்ள முடியாது. ஒன்பதும் சேர்ந்தால் முடிந்தது. கருவி முறைபோட்டுச் சுற்றும். ஒரு பள்ளிக்கு இரண்டு வாரம். அந்த இரண்டு வாரம் தவறினால் அடுத்த முறை வரும்வரை அந்தப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒருத்தி சொல்வதை ஒன்பது பள்ளிகள் நம்ப வேண்டுமென்றால் விதி கெட்டியாக இருக்க வேண்டும். கூட்டுறவில் ஒரு விதி இருந்தது. கருவியின் அளவை மாற்றினால் அன்றே புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதாமல் மாற்றியவர் கையில் கருவி இருக்காது.

ஜூலையில் ஒரு காலை, வலது காதில் நாலாயிரம் அவளுக்கு முப்பதில்தான் கேட்டது.

இரண்டு வருடம் முன்பும் இப்படி ஆகியிருந்தது. அப்போது சிவப்புப் பக்கத்து ஒயர் நைந்துபோயிருந்தது. ரிப்பேருக்கு அனுப்பியதில் ஐந்து வாரம் போயிற்று. இரண்டு பள்ளிகள் முறையை இழந்தன. மறுபடி அதே ஒயர்தான் என்று அவள் நினைத்தாள். புத்தகத்தில் எழுதினால் கருவி மறுபடி கடைக்குப் போகும். கணக்கு சுலபமாக இருந்தது. சிவப்புப் பக்கம் ஒலி இருபது குறைவாக வருகிறது, ஆகவே அங்கே இருபது கூட்டி வைத்தால் சரியாகிவிடும். பிள்ளைகளுக்கு வழக்கமாக இருபத்தைந்தில் ஒலியை விடுவார்கள். கேட்டால் கை தூக்க வேண்டும். தூக்கினால் படிவத்தில் ஒரு டிக். வலது நாலாயிரத்துக்கு மட்டும் அவள் நாற்பத்தைந்தில் விட்டாள். டிக் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது.

நவம்பரில், விடுபட்ட பிள்ளைகளைப் பார்க்க மர்பி டவுன் பள்ளிக்குக் கருவி மறுபடி வந்தது. முதல் நாளே மூன்றாம் வகுப்பு ஆசிரியை ராதா வந்து நின்றாள்.

"அக்கா, சங்கமித்ராவ இன்னொரு வாட்டி பாருங்க."

"ஜூலைலயே பாத்தாச்சேமா. பாஸ்."

"பேப்பர்ல பாஸு. நான் வலது பக்கம் நின்னு கூப்ட்டா எனக்கென்னன்னு உக்காந்திருக்கா. இந்தப் பக்கம் வந்தா டக்குனு எந்திரிக்கிறா. அவங்கம்மா திமிருன்னு சொல்லி முதுகுல ரெண்டு வெச்சிட்டுப் போறாங்க."

"கிளாஸ்ல எங்க உக்கார்றா?"

"இடது செவுத்தோரமா."

நல்ல காது சுவரைப் பார்த்திருக்கிறது. வகுப்பு முழுக்க மற்ற காதுப் பக்கம். பிரிஸில்லாவுக்கு அது உடனே புரிந்தது. புரிந்தும் சொன்னாள், "மெஷின் பொய் சொல்லாது ராதா."

"அப்ப எனக்கும் போட்டு உடுங்க. நானும் ஓசில ஒரு டெஸ்ட் பாத்துக்கறேன். வீட்ல அவர் கூப்பிடறது மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குதுன்னு தெரிஞ்சுக்கணும்."

பிரிஸில்லா சிரித்துக்கொண்டே அவளுக்கு ஹெட்ஃபோனை மாட்டினாள். வலது, நாலாயிரம். நாற்பது. ராதா கை தூக்கினாள். முப்பது. தூக்கினாள். இருபது, பதினைந்து, பத்து. கை ஒவ்வொரு முறையும் எழும்பியது.

"வெளையாடாத."

"கேக்குதுக்கா. விசில் ஊதற மாரி, தூரத்துல."

பிரிஸில்லா ஒலியை விடாமல் சும்மா பொத்தானை அழுத்தினாள். ராதா கை தூக்கவில்லை. ஒலியை விட்டாள். தூக்கினாள்.

பிறகு ஹெட்ஃபோனை வாங்கி, சிவப்பை இடது காதிலும் நீலத்தை வலது காதிலும் வைத்துத் தானே மாட்டிக்கொண்டாள். ஜூலையிலேயே செய்திருக்க வேண்டிய காரியம். ஒரு நிமிடம் போதும். ஒயர்தான் பழுது என்றால் கோளாறு சிவப்போடு இடது காதுக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை. சிவப்பு, இடது காதில், பத்திலேயே தெளிவாகக் கேட்டது. நீலம், வலது காதில், முப்பத்தைந்து வரை வாய் திறக்கவில்லை.

"என்னக்கா?"

"சங்கமித்ராவக் கூட்டிட்டு வா."

வலது நாலாயிரத்தில், இருபத்தைந்துக்கு அந்தக் குழந்தை கை தூக்கவில்லை. நாற்பதில் தூக்கினாள், தூக்கிவிட்டு இவர்கள் முகத்தைப் பார்த்தாள். ராதா அவளைக் கூட்டிக்கொண்டு போய் வலது சுவரோரத்துப் பெஞ்சுக்கு மாற்றி உட்காரவைத்தாள்.

மதியம் முழுக்க பிரிஸில்லா யோசித்தாள். அந்த அளவில் சோதித்தது சுற்றின் கடைசி நான்கு பள்ளிகளை; அதன்பிறகு தேர்வும் தசரா விடுமுறையும் வந்து சுற்று நின்றிருந்தது. நானூறு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மேல். இருபத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் கேட்கிற பிள்ளை ஒவ்வொன்றையும் அவள் நல்ல காது என்று எழுதியிருக்கிறாள். ஆனால் படிவத்தில் தடயம் எதுவும் இல்லை. மறுசோதனை என்று சொல்லி நான்கு பள்ளிகளையும் மறுபடி சுற்றிவிடலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கருவி அவளிடமே இருக்கும். ஐம்பத்து நாலு வயதில் அவளுக்கு வேறென்ன வேலை தெரியும்?

மறுசோதனை என்ற சாக்கில் புதன்கிழமை சிவாஜிநகர் பள்ளிக்குப் போனாள். அங்கே பஸ்களின் இரைச்சல் பத்து மணிக்கு மேல்தான் அடங்கும், அதன்பிறகுதான் சோதிக்க முடியும். படிவங்களைப் புரட்டியபோது ஒரு பெயரில் விரல் நின்றது. மகா. இரண்டாம் வகுப்பு. அந்தக் கை அவளுக்கு ஞாபகம் இருந்தது. வலது நாலாயிரத்துக்கு அது பாதி எழும்பி, எழும்பலாமா என்று கேட்பது போல நின்றது. நாற்பத்தைந்திலேயே அப்படி. பிரிஸில்லா டிக் போட்டிருந்தாள்.

அலுவலகத்தில் எழுத்தர் கோவிந்தன் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு டிசி வாங்கிட்டுப் போயிடுச்சுங்களே. செப்டம்பர்லயே. அப்பா மஞ்சுநாத், பெயின்ட் வேலை. வீடு மாத்தறோம்னு சொன்னாரு."

"எந்த ஸ்கூலுக்கு?"

"சொல்லல மேடம். இங்க பக்கத்துலதான்னாரு. போன் நம்பர் குடுத்தாரு, அது இப்ப வேற யாரோ எடுக்கறாங்க."

பக்கத்தில் என்றால் ஒன்பதில் ஒன்றாக இருக்கலாம். ஒன்பது தலைமை ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்காருவது மாதத்தில் ஒரு நாள்தான். நாளை, வியாழக்கிழமை.

கூட்டம் ரிச்சர்ட்ஸ் டவுன் பள்ளியில் நாலு மணிக்கு. அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் பெர்னார்ட்தான் கூட்டுறவுக்கும் செயலாளர். அறிவியல் சாமான் பெட்டி எங்கே இருக்கிறது, தனி ஆசிரியரின் நாட்களை எப்படிப் பிரிப்பது என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்து அவர் நிமிர்ந்தார். "அடுத்தது மெஷின் ரவுண்டு. பிரிஸில்லா, எல்லாம் சரியாப் போகுதா?"

"ஒரு பொண்ணத் தேடணும் சார். மகா. ரெண்டாவது படிக்கிறா. சிவாஜிநகர்லருந்து டிசி வாங்கினவ."

"எதுக்கு?"

படிவம் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். அந்த வாக்கியம் நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் படிவத்துக்காக யாரும் இன்றே ஒரு குழந்தையைத் தேடிப் போக மாட்டார்கள். சாவகாசமாக அடுத்த மாதம் பார்ப்பார்கள்.

"அவளுக்கு வலது காது சரியாக் கேக்கல சார். நான்தான் கேக்குதுன்னு எழுதிட்டேன்." பிறகு ஜூலையிலிருந்து நடந்ததைச் சொன்னாள். முப்பது, ஒயர், இருபது கூட்டியது, ராதாவின் காது, தன் காது. சொல்லி முடிக்கும்வரை யாரும் தேநீரைத் தொடவில்லை.

பெர்னார்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "காது மந்தமாறது யாருக்கும் வரும் பிரிஸில்லா. பசங்களுக்கு டெஸ்ட் பண்ண உங்க காது எதுக்கு? அவங்க கையப் பாக்கக் கண்ணு இருந்தாப் போதும். காலைல அஞ்சு நிமிஷம் வேற யாராச்சும் மாட்டிப் பாத்திருப்பாங்க. ஜூலைலயே ஒரு வரி எழுதியிருந்தா மெஷின் இன்னிக்கும் உங்க கிட்டதான் இருக்கும்."

"காதுன்னு தோணவே இல்ல சார். மெஷின்னுதான் நெனச்சேன்."

"மெஷின்னா அதையாவது எழுதியிருக்கலாம்ல?"

பிரிஸில்லா பெட்டியின் சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் அதை எடுக்கவில்லை, திருப்பித் தள்ளவும் இல்லை. ஒரு மூச்சு விட்டுச் சொன்னார், "ரூல் ரூல்தான்மா. நாளைலருந்து ராதா பாக்கட்டும். நாலு ஸ்கூலும் முதல்லேர்ந்து."

"சரி சார். மகாவக் கேளுங்க."

அவர் மேசையைச் சுற்றிலும் பார்த்தார். ஒருவர் தலையாட்டினார், இல்லை. அடுத்தவர் யோசித்தார், இல்லை. அல்சூர் பக்கத்துக் கன்னடவழிப் பள்ளியின் வீணா மட்டும் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா பேரு மஞ்சுநாத்தா? பெயின்டர்?"

"ஆமா மேடம்."

"அய்யோ தேவரே. எங்க கிட்டதான் இருக்கா. அக்டோபர்ல வந்தா. கூப்ட்டா திரும்ப மாட்டா, ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்வா. தமிழ்ப் பொண்ணு, கன்னடம் பர்தில்ல, இன்னும் வரல, போகப் போக வரும்னு விட்டுட்டோம்." வீணா சற்று நிறுத்தினாள். "மகா அவ அம்மாகிட்ட ஸ்கூல் கேட்ல கன்னடத்துலதான் சண்டை போட்டா. என் கண்ணு முன்னாடி. நான் யோசிக்கவே இல்ல பாருங்க."

"எங்க உக்கார்றா மேடம்?"

"பின்னால. ஜன்னலோரம்."

"எந்தக் கைப் பக்கம் ஜன்னல்?"

வீணா கண்ணை மூடி, வகுப்புக்குள் நின்று பார்ப்பது போலக் கையை நீட்டினாள். "இடது."

"டெஸ்ட் ஆகற வரைக்கும் வெய்ட் பண்ணாதீங்க. காலைல முதல் பெஞ்சுக்கு மாத்திடுங்க, வலது பக்கம் செவுரு இருக்கட்டும். டாக்டர் கிட்ட காட்டச் சொல்லி அவங்கம்மாவக் கூப்பிடுங்க. அடிக்க வேணாம்னும் சொல்லுங்க."

வீணா போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். அவள் வகுப்பாசிரியையிடம் வேகமான கன்னடத்தில் பேசுவது உள்ளே கேட்டது. பிரிஸில்லாவுக்கு அது இடது பக்கம்தான் தெளிவாகக் கேட்டது. இத்தனை நாளும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும்.

அவள் எழுந்து பையைத் தோளில் போட்டாள். அப்போது அந்த நாலு பள்ளிகளில் மர்பி டவுன் தவிர மற்ற மூன்றின் தலைமை ஆசிரியர்களில் ஒருவர், வயதான லாயிட், தயங்கிக்கொண்டே கேட்டார். "எங்க ஸ்கூலுக்கு ராதா வர்றதுக்கு டிசம்பர் ஆயிடும். அதுக்குள்ள நாங்களே ஏதாவது பாக்க முடியுமா? மெஷின் இல்லாம?"

"பாக்கலாம் சார்." பிரிஸில்லா பையைக் கீழே வைத்தாள். "டாக்டர் கண்டுபிடிக்கிற மாதிரி வராது. ஆனா யார முதல்ல அனுப்பணும்னு தெரியும். ஃபேன ஆஃப் பண்ணிடுங்க. பிள்ளைக்குப் பின்னால ஒரு கை தூரத்துல நில்லுங்க, வாய் தெரியக் கூடாது. இடது காத அதோட விரலாலேயே பொத்திக்கிட்டுத் தேய்க்கச் சொல்லுங்க. அப்பறம் மூச்சுக் காத்துலயே சொல்லணும், குரல் எழும்பக் கூடாது. ஊசி. பஸ். சீப்பு. ச வர்ற வார்த்தைங்கதான் நாலாயிரத்துக்குப் பக்கத்துல இருக்கும். மூணுல ரெண்டு திருப்பிச் சொல்லலன்னா பேர எழுதிக்குங்க."

"கொஞ்சம் மெதுவா," என்றார் லாயிட்.

அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மூவரும் எழுதினார்கள். பெர்னார்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார்.