இலாரியேவுக்குப் போன கடிதங்கள்

நான் விற்ற கணினியை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. வர்வரா அக்கா தொலைபேசியில், "அவுரிகா, இந்தக் கம்ப்யூட்டரை நீயே எடுத்துட்டுப் போயிடு, எனக்கு இனிமே உபயோகமில்ல" என்று சொன்னதும், கடையைச் சாத்திவிட்டு வண்டியைக் கிளப்பி மலையேறிவிட்டேன்.

வர்வரா அக்காவும் அவள் கணவர் இலாரியேவும் எங்கள் புக்கோவினா மலைப்பக்கத்தில் ஒரு சின்ன விடுதி நடத்திவந்தார்கள். மாடியில் விருந்தாளிகளுக்கு அறைகள், கீழே பெரிய சமையலறை, பின்பக்கம் ஓடை. போன பனிக்காலம் முடியும் நேரத்தில் இலாரியே இறந்துபோனார். இந்த வியாழக்கிழமை அவருடைய தம்பி கொஸ்தான், வீட்டை வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு வருகிறார், அக்கா கையெழுத்துப் போடப்போகிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

அக்கா சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"என்ன கோளாறு?" என்றேன், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்ல. யாரும் எழுதல, அவ்வளவுதான். நாப்பதாம் நாள் காரியம் வரைக்கும் தினம் ஏதாவது வந்துட்டிருந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்ல. கோடைக்கு ரூம் இருக்கான்னு கேக்கக்கூட ஆளில்ல."

"போன் பண்ணியிருப்பாங்களே."

"எல்லாருக்கும் தெரிஞ்சது அவரோட நம்பர்தான். அந்த போன் அவர் சட்டைப் பையிலேயே போயிடுச்சு. சவப்பெட்டியை மூடறதுக்கு முன்னாடி நான்தான் வெச்சேன்." கத்தியைத் துடைத்துக்கொண்டாள். "இப்பதான் எனக்குப் புரியுது, அவுரிகா. அவங்கல்லாம் அவருக்காக வந்தவங்க. அவர் மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போவாரு, கதை சொல்லுவாரு. நான் சமையக்காரி. சமையக்காரிக்கு யாரு கடுதாசி போடுவா?"

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

மின்னஞ்சலைத் திறந்தால், 'புதிய செய்தி எதுவும் இல்லை' என்று சமர்த்தாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எரிச்சலே அதில்தான். ஏதாவது பிழை என்று சொல்லித் தொலைத்தால் அதோடு மல்லுக்கட்டலாம். கடவுச்சொல் சரியாக இருந்தது. தேதியும் நேரமும் சரி. வைரஸ் தடுப்பானை நிறுத்திப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. அஞ்சல் பெட்டி நிரம்பி வழிகிறதோ என்று இணையம் வழியாக உள்ளே போய்ப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி காலியாக இருந்தது.

என் கைபேசியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பிவிட்டு உடனே கணினியில் 'பெறு' பொத்தானை அழுத்தினேன். வந்தது.

"பாத்தியா? மெஷின்ல குத்தமில்ல" என்றேன்.

"அதைத்தானே நானும் சொல்றேன். நீ அனுப்பினா வருது. அடுத்தவங்க அனுப்பல."

இன்னொன்று அனுப்பினேன். அதற்குள் அக்கா சோளக்களியும் புளித்த பாலாடையும் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அவள் கையால் செய்த களியை ஆறவிடுவது பாவம். தட்டைக் காலி செய்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கடிதம் வரவில்லை. இணையத்தில் இருக்கும் பெட்டியிலும் அது இல்லை. நான் அனுப்பிய கடிதம் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்றால், நடுவில் யாரோ அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று அர்த்தம். ஒரே பெட்டிக்கு இன்னொரு சாவி எங்கேயோ இருக்கிறது. முதலில் வருகிறவர் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டால், பின்னால் வருகிறவருக்குக் காலிப் பெட்டிதான்.

"அக்கா, பழைய கம்ப்யூட்டர் எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"அவருக்குத்தான்."

எனக்குப் புரிந்துவிட்டது. நாற்பதாம் நாளன்று இறந்தவருடைய கட்டில், போர்வை, கோப்பை, காலணி எல்லாவற்றையும் மெழுகுவத்தி ஏற்றி, ரொட்டியும் துண்டும் சேர்த்து யாருக்காவது தானம் கொடுப்போம். இங்கே ஒருவர் கை நீட்டி வாங்கினால் அங்கே அவருக்குப் போய்ச் சேரும். என் அப்பாவுக்கு நான் சைக்கிள் கொடுத்திருக்கிறேன். கணினி கொடுத்து இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

"சாயங்காலம் ஆனா அது முன்னாடிதானே உக்காந்திருப்பாரு" என்றாள் அக்கா. "அது இல்லாம அங்க என்ன பண்ணுவாரு, பாவம்."

"யாரு தலையில கட்டினே?"

"கெராசிம். அவரோட மீன் பிடிக்கப் போறவரு. வேற யாருக்குக் குடுப்பேன்?"

அக்காவை இழுத்துக்கொண்டு கெராசிம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். காட்டில் மரம் வெட்டுகிறவர், தனி ஆள். இத்தாலியில் இருக்கும் மகள் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இணையம் போட்டுக் கொடுத்திருந்தாள். அறை மூலையில் சாமி படத்துக்குக் கீழே இலாரியேவின் பழைய கணினி, மேலே பூவேலை செய்த துண்டு போர்த்தி, ஓடிக்கொண்டிருந்தது.

"இதை அணைக்கவே மாட்டீங்களாண்ணே?"

"அணைச்சா அங்க அவருக்கும் அணைஞ்சிடாதா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார், விவரம் தெரியாதவளிடம் பேசுவதுபோல.

"கடுதாசி வருதே, அதைப் பாக்கலையா?"

"வரும். டிங்குன்னு சத்தம் கேக்கும். அவருக்கு வந்ததை நான் எதுக்குத் தொடணும்? சீட்டு மட்டும் ஆடுவேன். அதுக்கு அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

துண்டை விலக்கிவிட்டு மின்னஞ்சலைத் திறந்தேன். பிரிக்காத கடிதங்கள் மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கறுப்பாக நின்றன. நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தன. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. முதல் கடிதத்தைத் திறக்கப் போனேன்.

"தொடாத, அவுரிகா." அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இதெல்லாம் உனக்கு வந்ததுக்கா."

"மெழுகுவத்தி ஏத்தி என் கையால குடுத்தது. இப்ப அதிலேர்ந்து எடுத்தா, அவர் கையிலேர்ந்து பிடுங்கின மாதிரி."

"அவரு அங்க விடுதியா நடத்துறாரு?"

"இல்லேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "வியாழக்கிழமை வீட்டைத் தாரை வார்த்துட்டு அப்புறம் உக்காந்து அழப்போறியா? யாரும் எழுதலன்னுதானே விக்கறே? இதோ எழுதியிருக்காங்க. படிக்கிறதுக்கு என்ன?"

"படிச்சு என்ன ஆகப்போகுது? எல்லாரும் அவரைத்தான் கேட்டிருப்பாங்க." அவள் குரல் இறங்கிவிட்டது. "என்னைக் கேக்காம இருக்கிறதைக்கூடத் தாங்கிடுவேன். அதைப் படிக்க என்னால முடியாது."

அவளைத் தடுத்தது தானம் மட்டும் அல்ல, பயமும்தான். அதன் பிறகு எனக்குத் திட்ட மனம் வரவில்லை.

கெராசிம் அண்ணன் எழுந்து உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தமும், ஏதோ ஒரு இழுப்பறையைத் திறந்து மூடும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்தபோது சட்டையை உள்ளே விட்டு, தலையை வாரியிருந்தார். கையில் ஒரு ரொட்டி, சலவைத் துண்டு, மெழுகுவத்தி. ஏற்றினார்.

"எங்கம்மா சாஃப்தாவோட ஆத்மாவுக்கு" என்றார் அக்காவைப் பார்த்து. "கம்ப்யூட்டர் அவரோடது. அது இங்கேயே இருக்கட்டும், ஓடிட்டே இருக்கட்டும். கடுதாசியை நீ குடுக்கல. அதெல்லாம் பின்னாடி என் வீட்டுக்கு வந்தது. என் வீட்டுக்கு வந்ததை நான் யாருக்கு வேணா குடுப்பேன். வாங்கிக்கோ, வர்வரா."

"உங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே" என்றாள் அக்கா.

"இத்தனை வருஷத்துல அங்க கத்துக்கிட்டிருப்பா."

வாங்குகிறவர் 'போக்தாப்ரொஸ்தே', அதாவது 'கடவுள் மன்னிக்கட்டும்', என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லாவிட்டால் தானம் போய்ச் சேராது. சொல்லிவிட்டாலோ, கடிதங்கள் அவளுடையவை, படித்துத்தான் ஆக வேண்டும். மெழுகு உருகி அண்ணனின் விரலில் வழிந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"போக்தாப்ரொஸ்தே" என்றாள் அக்கா, காதில் விழுந்தும் விழாமலும். ரொட்டியையும் துண்டையும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏதாவது ஒண்ணைத் திற."

யாஷி நகரத்திலிருந்து ஒரு குடும்பம் எழுதியிருந்ததைத் திறந்தேன்.

'வர்வரா அம்மா, ஐயா காலமான செய்தி கேட்டு வருந்தினோம். இந்தக் கோடைக்கும் நாங்கள் வரலாமா? உங்களுக்குச் சமைக்க மனமில்லை என்றால் பரவாயில்லை, நாங்களே சமைத்துக்கொள்கிறோம். உங்கள் மேசையில் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் போதும்.'

உதடு அசைய ஒரு தடவை படித்தாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"எனக்கு எழுதியிருக்காங்க" என்றாள்.

"பின்ன யாருக்கு?" என்றேன். கெராசிம் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

மற்றவர்கள் யாரைக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, தேடும் கட்டத்தில் அவள் பெயரை அடித்தேன். பட்டியல் குறையவே இல்லை; எல்லாக் கடிதத்திலும் அவள் பெயர் இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைப் புதுத் துண்டால் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் உன் மெஷினுக்கு அனுப்பிடறேன். கடவுச்சொல்லையும் மாத்திடறேன், இனிமே இது எதையும் அள்ளிட்டுப் போகாது. நீ வீட்ல உக்காந்து நிதானமா பதில் போடலாம்."

"அவருக்கு ஒண்ணுமே போகாதா?" என்று கவலைப்பட்டார் அண்ணன்.

"போதும் அவரு வேலை பாத்தது" என்றாள் அக்கா. "சீட்டு ஆடட்டும்."

"அப்ப கொஸ்தான்?" என்று கேட்டேன். "வியாழக்கிழமை ஆளோட வந்து நிப்பாரே?"

"வரட்டும். களி கிண்டிப் போடறேன், சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினாள். நான் உதவப் போனால் கையைத் தட்டிவிட்டாள். முடித்துவிட்டுப் பின்னால் சாய்ந்ததும் எட்டிப் பார்த்தேன்.

'வாங்க. அறை இருக்கு. என் அடுப்பை மட்டும் யாரும் தொடக் கூடாது.'

"அனுப்பு" என்றாள்.