ஊராட்சிச் சுவரில் ஒட்டும் பட்டியல்

கிராம சபைக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. ஊராட்சித் தலைவர் சோலைமலை மாமா எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

"மருமகளே, நீ பிஎஸ்சி. நல்லாப் பாத்துச் சொல்லு. நாளைக்கித் தீர்மானமா வைக்கப் போறேன்."

அவருடைய அண்ணன் மகன் சந்தோஷ்குமாருக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். எரியோட்டில் உரக்கடை வைத்திருக்கிறார். ஆவணியில் நிச்சயம்.

தாளில் இருந்தது நூலகத்து வைஃபை பற்றி. எங்கள் ஊரில் டவர் சரியாக எடுக்காது. ஊராட்சிப் பணத்தில் போட்ட அந்த வைஃபைதான் எல்லோருக்கும். பூப்பறித்துவிட்டு வந்த பெண்கள் சாயங்காலம் நூலகப் படியில் போனோடு உட்கார்ந்திருப்பார்கள். எந்த நம்பர் எந்தத் தளத்தைத் திறந்தது என்று, வைஃபையைப் போட்டுக்கொடுத்த கம்பெனி மாதம் ஒரு பட்டியல் தருமாம். அதை ஊராட்சிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்பது தீர்மானம்.

"நூறு நாள் வேலைப் பட்டியல ஒட்டுனேன். தெருவிளக்குக் கணக்க ஒட்டுனேன். ஊர்க் காசுல ஓடுறது எதுவும் மறைவா இருக்கக் கூடாது, பாத்துக்க."

அவர் சொன்னது உண்மை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எதையும் ஒட்டியதில்லை. அதனால் சுற்றி வளைத்துத்தான் கேட்டேன்.

"உள்ள என்ன படிச்சாங்கன்னு தெரியாதுல்ல, மாமா?"

"தெரியாது. தளத்தோட பேரு மட்டுந்தான்."

பெயரே போதும். நான் தினமும் திறக்கும் தளத்தின் பெயரிலேயே என் நோயின் பெயர் இருக்கிறது. அதை வீட்டுக்குள் சொல்லக்கூட அம்மா விடமாட்டாள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். திண்டுக்கல்லில் டாக்டரைப் பார்க்கப் போனால், கோயிலுக்குப் போனோம் என்போம். சந்தோஷ்குமார் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாமா போனதும் அம்மா சொன்னாள்: "நாளைக்கி நீ வர வேணாம். தலவலின்னு சொல்லிக்கிறேன்."

"நான் வராட்டியும் பட்டியல் வரும்மா."

"அந்தப் போன் கழுதைய இனிமேப் பாக்காம இரு."

"எந்த மாத்திரைய நிறுத்தக் கூடாது, பிள்ளை பெத்துக்கலாமான்னு நான் வேற யார்ட்டம்மா கேக்குறது?"

அம்மா களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள்.

மறுநாள் சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. அம்மா தடுத்தும் நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா தீர்மானத்தை வாசித்தார். வார்டு உறுப்பினர் பாண்டியராஜ் எழுந்தான்.

"ஒட்டுங்க தலைவரே! எங்கப்பா நம்பருக்கு நேரா சீட்டாட்டம் மட்டுந்தான் வரும்."

"ஏலே, ஒன் நம்பர மொதல்ல ஒட்டச் சொல்றேன்டா!" என்றார் அவன் அப்பா.

கூடமே சிரித்தது. என் மறுபக்கத்தில் இருந்த பாண்டிச்செல்வி அக்கா சிரிக்கவில்லை. நூலகப் படிக்கு நான் வரும்போதெல்லாம் அவள் போனைக் கவிழ்த்து வைப்பாள். என்ன பார்க்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

"சம்மதம்னா கையத் தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. நான் எழுந்து நின்றேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

"மாமா, நூறு நாள் பட்டியல்ல யாரு வேலைக்கி வந்தாங்கன்னுதான் போடுறோம்..."

"கேக்கல தாயி, சத்தமாச் சொல்லு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மறுபடி ஆரம்பித்தேன்.

"யாரு வேலைக்கி வந்தாங்கன்னுதான் போடுறோம். வந்தவங்க மனசுல என்ன இருக்குன்னு போடல. வைஃபைக்கு எம்புட்டுச் செலவாச்சுன்னு ஒட்டுங்க. யாரு எதப் பாத்தாங்கன்னு ஒட்ட வேணாம்."

மாமா சிரித்தார். அவரிடம் கோபமே இல்லை.

"தப்பாப் பாக்குறவனுக்குத்தான மருமகளே பயம்? நீயுந்தான் தெனம் படியில உக்காந்து பாக்குற. நீ பாக்குறத ஒட்டுனா என்ன கொறஞ்சிரப் போகுது? சொல்லு."

அம்மா என் துப்பட்டாவைப் பிடித்துக் கீழே இழுத்தாள். தூக்கிய கைகள் இன்னும் இறங்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"எனக்கு வலிப்பு நோய் இருக்கு மாமா," என்றேன். "அதப் பத்தித்தான் தெனமும் படிக்கிறேன்."