தொண்ணூற்றாறு கோன்

அங்கம்மாளின் மணிக்கட்டில் அந்த டிஜிட்டல் கடிகாரம் ஏறிய அன்றைக்கே முனீஸ்வரியின் வேலைக்கு நாள் குறித்தாகிவிட்டது. இரண்டு பேருக்குமே அது அப்போது தெரியாது.

எண்பத்தாறாம் வருஷம், ஆடி மாதம். திண்டுக்கல்லுக்கு வெளியே பழனி ரோட்டில் இருந்த நூல் மில்லுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். நூல் சுற்றும் வைண்டிங் பகுதியில் ஒவ்வொரு மெஷினின் தலையிலும் ஒரு பெட்டியை மாட்டினார். பெட்டியின் முகத்தில் சிவப்பு எண்கள் எரிந்தன. கூம்புக் கட்டை ஒன்றில், அதாவது ஒரு கோனில், நூல் சுற்றி முடிந்தால் எண் ஒன்று கூடும். மெஷின் சும்மா நின்றால், நின்ற நிமிஷங்களைத் தனியாக எண்ணிக்கொள்ளும்.

மேஸ்திரி கண்ணுசாமி, அங்கே மெஷின் ஓட்டிய அங்கம்மாளிடம் நேராக வந்தார். இரண்டு பேருக்கும் கன்னிவாடிதான் ஊர். எட்டு வருஷத்துக்கு முன்பு அவளை மில்லில் சேர்த்துவிட்டதே அவர்தான். அங்கம்மாளுக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டவரும் அவரே.

"பொட்டி ஒழுங்கா எண்ணுதான்னு பாக்கணும் தங்கச்சி. இங்க கை வேகம் உனக்குத்தான். ஒரு வாரம் நல்லா ஓட்டிக் காட்டு" என்றார்.

அண்ணன் கேட்டு மறுப்பாளா? ஓட்டினாள். அறுந்த நூலை முடிச்சுப் போடுவதில் அவள் விரலுக்கு ஈடு யாருமில்லை. ஆனாலும் விரல் மட்டும் போதாது. நூல் குழல்களைக் கூடையில் தூக்கி வர வேண்டும், முடிந்த கோன்களை எடுத்து அடுக்க வேண்டும். அதற்குத்தான் பக்கத்து மெஷின் முனீஸ்வரி இருந்தாள். அந்தப் பகுதியில் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. "செத்த பக்கம் பாத்துக்க" என்றால் போதும், அடுத்தவள் இரண்டு மெஷினையும் பார்த்துக்கொள்வாள். ஒருத்திக்கு வயிற்றுவலி என்றால் இன்னொருத்தியின் கை அங்கே ஓடும். எட்டு வருஷமாக யார் கோன் யாருடையது என்று எவரும் பிரித்துப் பார்த்ததில்லை. அந்த வாரம் முனீஸ்வரி தன் மெஷினைப் பாதி நேரம் நிறுத்திவிட்டு அக்காவுக்குக் கூடை சுமந்தாள். அவள் பெட்டி இன்னும் இணைப்புக் கொடுக்காமல் இருட்டாகத்தான் கிடந்தது.

வழக்கமாக ஒரு ஷிப்டுக்கு எழுபது கோன். ஆறாம் நாள் அங்கம்மாளின் பெட்டியில் தொண்ணூற்றாறு எரிந்தது. இன்ஜினியர் கைதட்டினார். இதை ஒருத்தியாகவா செய்தீர்கள் என்று வியந்து கேட்டார். அங்கம்மாள் வெட்கத்தோடு சிரித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கூடையோடு நின்ற முனீஸ்வரியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

மறுநாள் ஆபீசில் வைத்து அங்கம்மாளுக்கு ஒரு கறுப்பு டிஜிட்டல் கடிகாரம் கொடுத்தார்கள். இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாளைக் கண்ணுசாமி நீட்டினார். வாட்ச் வாங்கியதற்கு ரசீது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஆவணி பிறந்ததும் எல்லாப் பெட்டிகளும் உயிர் பெற்றன. நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். இனி ஆளுக்குத் தொண்ணூற்றாறு கோன். குறைந்தால் மெஷினுக்கு மேலே சிவப்பு பல்பு எரியும். அடுத்தவர் மெஷினில் கை வைக்கக் கூடாது. தற்காலிக ஆட்களுக்குத் தொடர்ந்து மூன்று நாள் பல்பு எரிந்தால் வேலை இல்லை.

அதன் பிறகு அங்கே பேச்சு நின்றது. கக்கூஸ் போக நேரமாகிறது என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். கழுத்து வலித்தாலும் கண் மட்டும் பெட்டியை விட்டு இறங்காது. அங்கம்மாளுக்கு வீட்டிலும் விடுதலை இல்லை. மணிக்கொரு தடவை கடிகாரம் கீச்சிட்டது. அது கீச்சிட்டால், குழம்பு கொதிக்கும் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டே, இந்த ஒரு மணியில் பன்னிரண்டு கோன் ஏறியிருக்க வேண்டுமே என்று மனசு எண்ணியது. அதை நிறுத்தும் வழி அவளுக்குத் தெரியவில்லை. கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். அங்கிருந்தும் கீச்சிட்டது.

முனீஸ்வரிக்கு அது ஐந்தாம் மாசம். வேலை நிரந்தரமாக இன்னும் மூன்றே மாதம் பாக்கி. நிரந்தரமானால்தான் பிரசவ லீவு. இல்லாவிட்டால் வேலையே போய்விடும். பல்பு கணக்கு தொடங்கிய அந்த வாரம், செவ்வாயும் புதனும், நிரந்தர ஆட்கள் பலருக்கும் போலவே அவள் தலைக்கு மேலும் பல்பு எரிந்தது. வியாழன் காலை பத்து மணிக்கே அவள் பெட்டி பின்தங்கிக் கிடந்ததைப் பார்த்த அங்கம்மாள், தன் மெஷினை நிறுத்திவிட்டு ஆபீசுக்கு ஓடினாள்.

"அண்ணே, அந்தத் தொண்ணூத்தாறு ஒரு ஆள் கணக்கு இல்லண்ணே. முனீஸ்வரியும் நானும் சேந்து போட்டது. நீங்களே பாத்தீகளே."

கண்ணுசாமி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். அவளுடைய கையெழுத்து அடியில் கோணலாகக் கிடந்தது. தனியாளாக, யார் உதவியும் இல்லாமல் இத்தனை கோன் ஓட்டினேன் என்று அவளே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்த மாதிரியான தாள் அது என்று, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"வாட்ச்சுக்குன்னுல்ல நெனச்சேன்?"

"தெரிஞ்சா நீ கையெழுத்துப் போட்டிருக்க மாட்டியே."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னார். அங்கம்மாளுக்கு மகளின் காதுகுத்து ஞாபகம் வந்தது. பிள்ளை வீறிட்டு அழுதபோது அதன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்ட கை இதுதான்.

"எம்மக ஒங்க மடியில உக்காந்தவண்ணே" என்றாள்.

"மெஷின் நிக்குது. போய் ஓட்டு."

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியபோது முனீஸ்வரியின் பல்பு எரிந்தது. கேட்டில் அவள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அங்கம்மாள் பின்னாலேயே ஓடி, புளியமரத்தடியில் அவளைப் பிடித்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். தாளில் என்ன இருந்தது, அண்ணன் எப்படி ஏமாற்றினார், தான் எப்படி மோசம் போனோம் என்று ஒன்று விடாமல் கொட்டினாள்.

முனீஸ்வரி தூக்குவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"அவரு ஏமாத்துனாரு, சரிக்கா. அன்னைக்கு அந்த இன்ஜினியரு ஒருத்தியாவா செஞ்சீங்கன்னு தமிழ்லதான கேட்டாரு? நான் கூடையோட பக்கத்துலதான நின்னேன்?"

அங்கம்மாளின் கை, கடிகாரம் இல்லாத மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"நீ ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன்க்கா" என்று சொல்லிவிட்டு, முனீஸ்வரி பஸ்ஸை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த மெஷினுக்கு ஒரு புதுப் பெண் வந்திருந்தாள். பெயர்கூடச் சொல்லவில்லை, வந்ததும் பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். அங்கம்மாள் தன் கூடையைத் தானே தூக்கினாள், கோன்களைத் தானே அடுக்கினாள். விரல் அதே விரல்தான், வேகமும் குறையவில்லை. ஷிப்ட் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் பெட்டியில் எழுபத்தொன்பது எரிந்தது.

சங்கு ஊதியது. அவள் தலைக்கு மேலே சிவப்பு பல்பு அன்றும் பற்றிக்கொண்டது. அவள் நிரந்தர ஆள், வேலை போகாது. வரிசை முழுக்கப் பெண்கள் அந்த பல்பைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். செத்த பக்கம் பாத்துக்க என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.